வெள்ள நாளில் திறந்திருக்க வேண்டிய கட்டடம்

"வெள்ளம் வந்தால் எப்படியும் விடுமுறைதானே." எண்ணூர்க் கழிமுகக் கரையில் வரப்போகும் சமுதாயக் கல்விக் கூடம் பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டத்தில், வெள்ள நாளில் அது இயங்குமா என்று நான் எழுப்பிய கேள்விக்குக் கிடைத்த பதில் இது. அந்தக் கூட்டத்தின் காணொளியைப் பலரும் பார்த்துவிட்டீர்கள். எது வந்தாலும் தடுப்பவள் என்று அதன் கீழே என்னைப் பற்றி எழுதியிருப்பதையும் படித்தேன். ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டதால் அங்கே பாதியில் நின்றுபோனதை இங்கே முழுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அது கட்டாயம் வர வேண்டும். ஆனால் வெள்ளம் வந்த நாளில் அது திறந்திருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். மற்ற நாள்களில் பிள்ளைகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகூடப் படித்துவிடுவார்கள்.

எங்கள் பகுதிக்கு வானத்திலிருந்து மட்டும் தண்ணீர் வருவதில்லை. பூண்டி ஏரியின் உபரி நீர் கொசஸ்தலை ஆற்றில் வருகிறது. புழல் ஏரியின் உபரி நீர் மணலி, சடையங்குப்பம் வழியாக வருகிறது. அந்த நேரத்தில் கடல் ஏற்றமாக இருந்தாலோ, முகத்துவாரத்தில் மணல் அடைத்திருந்தாலோ, வந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தெருவில் நின்றுவிடும். இது தெரிந்தும் கட்டட வரைபடத்தில் என்ன செய்திருக்கிறார்கள்? மனை முழுவதும் மண் கொட்டி மேடாக்கி, அதன்மேல் தரைத்தளத்திலேயே வாசிப்பறையையும் கணினி அறையையும் வைத்திருக்கிறார்கள். மண் கொட்டினால் அந்த இடத்தில் நிற்க வேண்டிய தண்ணீர் பக்கத்துக் குடிசைக்குள் போகும். தூண்கள் மேல் கட்டுங்கள், கீழே தண்ணீர் ஓட விடுங்கள் என்றுதான் கேட்டேன். மழையில்லாத மாதங்களில் அந்த நிழலில் வலை பின்னலாம், கூட்டம் நடத்தலாம். 2015, 2023 வெள்ளங்களில் தண்ணீர் எதுவரை நின்றது என்பதை எங்கள் வீட்டுச் சுவர்களே காட்டும். வகுப்பறையின் தளம் அதற்கு மேலே இருக்க வேண்டும். கழிப்பறையும் மேலேதான் வேண்டும், கழிவுநீர்க் குழாயில் தண்ணீர் எதிர்த்து வராமல் தடுக்கும் வால்வும் வேண்டும்.

இனி, கூரைமேல் வரும் என்று சொன்னதும் எல்லோரும் கைதட்டிய அந்தச் சூரிய மின்சாரம். பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைத்த சாதாரண அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்ற உடனே தானும் நின்றுவிடும். பழுது பார்க்கும் ஊழியர்மேல் மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். தண்ணீர் ஏறினால் பாதுகாப்புக்காக முதலில் மின்சாரத்தைத்தான் துண்டிப்பார்கள். ஆகவே கூரை நிறையத் தகடுகள் இருந்தாலும், தேவைப்படும் அன்று அந்தக் கட்டடம் இருட்டில்தான் கிடக்கும். கம்பியிலிருந்து பிரிந்து தனியாக இயங்கும் இன்வெர்ட்டரும் பேட்டரியும் மேல்தளத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்டது. "புயல் நாளில் வெயில் ஏது?" என்று ஒருவர் கேட்டார். 2023 மிக்ஜாம் புயலில் மழை விட்டது, வெயில் அடித்தது. அதன் பிறகும் எங்கள் தெருக்களில் பல நாள் தண்ணீர் வடியவில்லை. அந்த வெயிலைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அந்த நாள்களை நான் மறக்க முடியாது. என் அக்கா மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து வீட்டுக்குள் புகுந்தது. அவளுடைய இயற்பியல் நோட்டுகள் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக் கறுத்துப்போயின. அரையாண்டுத் தேர்வைத் தள்ளிவைத்தார்கள், ஆனால் தள்ளிவைத்த தேர்வுக்கு எங்கே உட்கார்ந்து படிப்பது? கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற இடுப்பளவு தண்ணீரில் நடந்தாள். "எனக்கு ஒரு மேசையும் ஒரு விளக்கும் இருந்தால் போதும் சித்தி" என்றாள். விடுமுறைதானே என்று சொன்னவருக்கு இது எப்படித் தெரியும்?

செலவு அதிகம் என்கிறார்கள். அதிகம்தான். உப்புக் காற்றில் காங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்காமல் இருக்க, எம்30 என்ற வலிமைத் தரத்துக்குக் குறையாத காங்கிரீட்டும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் காங்கிரீட் உறையும் வேண்டும் என்று நம் நாட்டுத் தரவிதியே சொல்கிறது. சென்னையில் கட்டடத்தை வடிவமைக்கக் கணக்கில் எடுக்க வேண்டிய காற்று வேகத்தை நொடிக்கு 50 மீட்டர் என்று அதே போன்ற இன்னொரு விதி வகுத்திருக்கிறது. 2016 வர்தா புயலைப் பார்த்தவர்களுக்கு, சூரியத் தகடுகளைத் தாங்கும் சட்டத்தில் ஏன் சிக்கனம் பிடிக்கக் கூடாது என்று விளக்கத் தேவையில்லை. விதிப்படி கட்டுங்கள் என்பது எப்படி ஆடம்பரமாகும்? சில ஆண்டுகளில் பெயர்ந்து விழும் கூரையைத் திரும்பப் பூசும் செலவையும் யாராவது கணக்கில் சேர்த்தார்களா?

மிதக்கும் பள்ளி கட்டலாமே என்ற யோசனையும் வந்தது. நைஜீரியாவின் லாகோஸ் காயலில் மக்கோக்கோ என்ற மீனவர் குடியிருப்பில் 2013இல் அப்படி ஒன்றைக் கட்டினார்கள், உலகமே பாராட்டியது, 2016இல் கனமழையில் சரிந்துவிட்டது. வங்கதேசத்தில் 2002இல் தொடங்கிய படகுப் பள்ளிகள் இன்றும் ஓடுகின்றன, ஏனென்றால் அந்த ஊர் மக்களுக்குப் படகைப் பழுது பார்க்கத் தெரியும். புகைப்படத்துக்கு எது அழகாக இருக்கும் என்பதைவிட, பழுதானால் யார் சரிசெய்வார் என்பதே எனக்குப் பெரிது. கடற்கரையோரம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் ஒழுங்குமுறை விதிகள் குறுக்கே வரும் என்பவர்களுக்கு: முறைப்படி அனுமதி பெறுங்கள்.

கரையை விட்டுத் தள்ளி வேறெங்காவது கட்டலாமே என்று கேட்பவர்கள்தான் என்னை அதிகம் வருத்துகிறார்கள். பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். காட்டுக்குப்பமும் முகத்துவாரக்குப்பமும் இங்கேதான் இருக்கின்றன. அனல்மின் நிலையங்களை இங்கே கட்டியபோது தள்ளிப் போங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சாம்பல் எங்கள் கழிமுகத்தில் படிந்தது, இறால் குறைந்தது, மின்சாரம் நகரம் முழுவதும் போனது. வெள்ளத்தன்று ஓர் அறையில் விளக்கு எரிய வேண்டும் என்று கேட்டால், அன்று விடுமுறை என்கிறீர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அன்றும் படிப்பு இருக்கிறது, அதற்கு மறுநாளும் இருக்கிறது.

திருத்திய வரைபடம் அடுத்த கூட்டத்துக்கு வரும் என்றிருக்கிறார்கள். பேட்டரி எந்தத் தளத்தில் இருக்கிறது, மண் எவ்வளவு கொட்டப்போகிறார்கள் என்ற இரண்டையும் அங்கே மறுபடியும் கேட்பேன். வர முடிந்தவர்கள் வாருங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.