மரியா பார்பரா என்ற பாக் வீட்டுப் பெண்

ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் முதல் மனைவி மரியா பார்பரா என்றதும் இசை கேட்பவர்களிடையே எழும் கதை ஒன்றுதான். 1720-ஆம் ஆண்டு கோடையில் தம்மைப் பணியில் வைத்திருந்த கோத்தன் இளவரசர் லியோபோல்டுடன் கார்ல்ஸ்பாட் என்ற ஊருக்குச் சென்றிருந்த யோஹான் செபாஸ்டியன் பாக், கோத்தனுக்குத் திரும்பி வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோதுதான், நலமாக விட்டுச்சென்ற மனைவி இறந்து அடக்கமும் ஆகிவிட்டதை அறிந்தார். இது உண்மை. ஆனால் தனி வயலினுக்கான டி மைனர் பார்ட்டீட்டா என்ற இசைத் தொகுப்பிலுள்ள 'ஷகோன்' என்ற பகுதி அவருக்காக எழுதப்பட்ட இரங்கல் என்பதையும் ஐயமற்ற வரலாறு போல அதனுடன் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். கையெழுத்துப் படியில் இருப்பது 1720 என்ற ஆண்டு மட்டுமே. 35 ஆண்டுகள் வாழ்ந்த ஒரு பெண்ணைக் கணவரின் துயரத்துக்குக் காரணமாக மட்டும் நினைவில் வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மரியா பார்பரா 1684 அக்டோபர் 20 அன்று ஜெர்மனியின் துரிங்கியா பகுதியிலுள்ள கேரன் என்ற சிற்றூரில் பிறந்தார். திருமணத்தால் பாக் ஆனவர் அல்லர், பிறப்பிலேயே பாக். தந்தை யோஹான் மிகாயேல் பாக் அவ்வூரில் ஆர்கன் என்ற தேவாலய விசைக்கருவியை வாசித்த கலைஞர், ஊர் எழுத்தர், தேர்ந்த இசையமைப்பாளர். அவருடைய அண்ணன், ஐசனாக்கின் யோஹான் கிறிஸ்டோஃப் பாக், அக்குடும்பத்தின் முந்தைய தலைமுறையில் மிகப் பெரிய இசையமைப்பாளர். அண்ணன் தம்பி இருவரும் ஆர்ன்ஸ்டாட் ஊர் எழுத்தர் வேடமனின் மகள்களான அக்காள் தங்கையை மணந்தவர்கள்.

மாப்பிள்ளை செபாஸ்டியனின் தாத்தாவும் பெண்ணின் தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள். நம் முறைப்படி அவர்கள் பங்காளிகள், கல்யாணப் பேச்சே எழாது. லூத்தரன் ஜெர்மனியில் அதற்குத் தடை இருக்கவில்லை. 1707 அக்டோபர் 17 அன்று, ஆர்ன்ஸ்டாட் அருகே டோர்ன்ஹைம் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. மணமகனைவிடச் சில மாதங்கள் மூத்தவரான மணமகளுக்கு 23 நிறைய மூன்று நாள்கள் இருந்தன. நடத்திவைத்த பாதிரியார் ஸ்டௌபரே மறுஆண்டில் பெண்ணின் சித்தி ரெகீனாவை மணந்தார் என்பதிலிருந்து, இந்த உறவுகள் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடந்தன என்பது விளங்கும்.

வைமாரிலும் கோத்தனிலுமாக ஏழு பிள்ளைகள். 1713-இல் பிறந்த இரட்டையர் தங்கவில்லை. 1718-இல் பிறந்த லியோபோல்ட் ஆகஸ்டஸ் மறுஆண்டே இறந்தான். தாய் இறந்தபோது கதரீனா டொரதியாவுக்கு 11 வயது, வில்ஹெல்ம் ஃப்ரீடமனுக்கு 9, கார்ல் பிலிப் இமானுவேலுக்கு 6, கோட்ஃப்ரீட் பெர்ன்ஹார்டுக்கு 5. தந்தை நலமாக விட்டுச்சென்றார் என்ற செய்தி நமக்குக் கிடைப்பதும் இமானுவேல் பின்னாளில் பங்கேற்று எழுதி 1754-இல் அச்சான இரங்கல் குறிப்பிலிருந்துதான்.

தாய் இறந்த ஆண்டின் தொடக்கத்தில் அவ்வீடு எப்படி இருந்திருக்கும் என்பதை ஒரு சிறிய புத்தகம் காட்டுகிறது. 1720 ஜனவரி 22 அன்று ஃப்ரீடமனுக்காகத் தந்தை தொடங்கிய பாட நோட்டு அது. முதலில் சுரக்குறிகளின் விளக்கம், அடுத்து கமகங்களைப் போன்ற அணிகளின் பட்டியல், பிறகு எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று எண்ணிட்ட ஒரு சிறு உருப்படி. அதைப் பார்க்கும்போதெல்லாம், அந்த நாளில் தாய் உயிரோடு இருந்தார் என்பதே எனக்கு முதலில் தோன்றும். ஜூலை 7 அன்று அவரை அடக்கம் செய்தார்கள்.

ஃப்ரீடமனும் இமானுவேலும் தந்தையிடமிருந்து மட்டுமே இசையைப் பெற்றார்கள் என்பது பாதி உண்மை. தாய்வழித் தாத்தாவும் அவருடைய தந்தை ஹைன்ரிஹும் ஆர்கன் முன் அமர்ந்தவர்களே. ஆனாலும் 1735-இல் பாக் தொகுத்த குலவரலாற்றில் எண்ணிட்ட 53 பேரும் ஆண்கள். யோஹான் மிகாயேலுக்குத் திறமையான இசையமைப்பாளர் என்ற பாராட்டு உண்டு. அவருடைய மகளுக்கு எண் இல்லை.

இன்னொருவரும் அந்தப் பட்டியலில் இல்லை. மரியா பார்பராவின் அக்காள் ஃப்ரீடலேனா மார்கரேத்தா வைமார் காலத்திலேயே இவர்களோடு வந்து தங்கியவர். தங்கை இறந்த பிறகும் அவர் போய்விடவில்லை. 1721 டிசம்பரில் பாக்கின் இரண்டாம் மனைவியாக அன்னா மக்டலேனா மணமாகி வந்தபோதும் இருந்தார்; குடும்பம் லைப்சிக்குக் குடிபெயர்ந்தபோது கூடவே சென்றார்; 1729-இல் அங்கேயே இறந்தார். தாயை இழந்த நான்கு பிள்ளைகளுக்கும் அந்த ஒன்பது ஆண்டுகள் பெரியம்மா வீட்டிலேயே இருந்தார்.