ஒரே எண் கேட்பவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை சமூக மன்றக் கூட்டத்தில் நடந்ததை உங்களில் பலர் அந்தக் காணொளித் துண்டில் பார்த்துவிட்டீர்கள். "பொறியாளர் என்றால் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும், இவர் சொல்வது ஜோசியம்" என்று நண்பர் ஒருவர் என்னைப் பற்றிச் சொன்ன வாக்கியமும் அதற்கு எழுந்த சிரிப்பும் இன்னும் என் காதில் இருக்கின்றன.

வெள்ள அளவை 'இதிலிருந்து இதுவரை' என்று ஒரு வரம்பாகச் சொன்னதுதான் நான் செய்த குற்றம். வரம்பே இல்லாத வெள்ள மதிப்பீடு எங்கும் கிடையாது. சிலர் அதைக் காட்டுகிறார்கள், சிலர் மறைக்கிறார்கள். பத்து ஹெக்டர் நிலத்தில் மணிக்கு 200 மி.மீ. வேகத்தில் மழை பெய்வதாக வைத்துக்கொள்வோம். அதில் 65 விழுக்காடு ஓடிவரும் என்றால் வடிகாலுக்கு வினாடிக்கு 3.6 கன மீட்டர் நீர் வரும்; 90 விழுக்காடு என்றால் 5 கன மீட்டர். சூத்திரம் ஒன்றே, புல்லையும் சிமெண்டையும் பார்த்து எந்த விழுக்காட்டை எடுப்பது என்பது கணக்கிடுபவரின் கணிப்பு. பெரிய கணினி மாதிரிகளிலும் இதே கதைதான். பழைய மழைப் பதிவுகளுக்கு இரண்டு மாதிரிகள் அழகாகப் பொருந்தும். பதிவிலேயே இல்லாத பெருமழையைக் கொடுத்தால் ஆளுக்கொரு விடை சொல்லும்.

1978 டிசம்பர் 2 அன்று சிங்கப்பூரின் பாய லேபாரில் ஒரே நாளில் 512.4 மி.மீ. மழை பதிவானது. அதற்கு முந்தைய ஆண்டு வரையிலான பதிவுகளை வைத்து யாராவது ஒற்றை எண் சொல்லியிருந்தால் அது என்னவாகியிருக்கும்? அப்போது எனக்கு எட்டு வயது. பொத்தோங் பாசிர் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருந்தோம். தண்ணீர் வடிந்ததும் அப்பா நிலைக்காலில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். பிறகு அரிசி மூட்டைக்குப் பலகை அடித்தபோது கோட்டிலிருந்து இரண்டு சாண் மேலே அடித்தார். பாட்டி ஏன் என்று கேட்டதற்கு, "அடுத்த மழை இந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டா பெய்யும்?" என்றார். அவர் எந்த மாதிரியையும் ஓட்டிப் பார்த்தவரில்லை.

கால்வாயை வரம்பில் கட்ட முடியாதே, ஓர் அகலம் வேண்டுமே என்பீர்கள். உண்மைதான். அகலத்தை முடிவு செய்வோம், ஆனால் எதை ஏற்றுக்கொண்டு முடிவு செய்தோம் என்பதையும் எழுதி வைப்போம் என்றுதான் சொல்கிறேன். மக்கள் பயப்படுவார்கள் என்ற வாதத்தை நான் மதிப்பதே இல்லை. '50 ஆண்டுக்கு ஒருமுறை' என்று சொல்லி அவர்களைத் தூங்கவைத்தது யார்? அதன் பொருள் ஒவ்வோர் ஆண்டும் 2 விழுக்காடு வாய்ப்பு என்பதுதான்; அத்தகைய வெள்ளம் 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒரு முறையேனும் வர 45 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இதையும் ஜோசியம் என்பீர்களோ?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் அறிக்கையிலிருந்த மேல்வரம்பையும் கீழ்வரம்பையும் மேலதிகாரி ஒருவர் சிவப்பு மையால் அடித்துவிட்டு நடு எண்ணை மட்டும் வட்டமிட்டார். அன்று வாய்மூடி இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பேசியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கூட்டம் முடிந்து தேநீர் மேசையருகே அதே நண்பர் வந்து, தம் கடையின் பின்வாசலில் எவ்வளவு உயரத்துக்குத் தடுப்பு வைக்கலாம் என்று மெதுவாகக் கேட்டார். சரியாகச் சொல்ல முடியாது, சற்றுக் கூட்டியே வையுங்கள் என்றேன். தலையாட்டிக்கொண்டு போனார். காணொளியில் அந்தப் பகுதி இல்லை.