இரட்டைப் பிளவு மட்டும் போதாது
ஒளியை இரண்டு நுண்ணிய பிளவுகள் வழியே செலுத்திப் பார்த்த விஞ்ஞானி யங்கின் இரட்டைப் பிளவுச் சோதனையே, ஒளியைக் குறுக்கலை (செல்லும் திசைக்குக் குறுக்கே அதிரும் அலை) என்று நிரூபித்ததாக நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது சரியில்லை. அது காட்டியது ஒளி ஓர் அலை என்பதை மட்டும்தான்; நெட்டலையான (செல்லும் திசையிலேயே அதிரும்) ஒலிக்கும், அலைகள் சேர்ந்து ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் காட்டும் குறுக்கீட்டு விளைவு உண்டே! குறுக்கலை என்பதற்குச் சாட்சி தளவிளைவு, அதாவது ஒளியின் அதிர்வு ஒரே தளத்துக்குள் அடங்குவது; நெட்டலையில் இது நடக்காது. 1808இல் பிரெஞ்சு இயற்பியலாளர் மாலஸ், பாரிஸின் லக்சம்பர்க் அரண்மனை ஜன்னலில் பட்டுத் தெறித்த வெயிலைக் கால்சைட் படிகம் வழியே பார்த்தபோது சிக்கியது அது (அவரோ ஒளியைத் துகள் என்றே நம்பியவர், பாவம்). குறுக்கலை என்ற விளக்கத்தை 1821இல் இன்னொரு பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனெல் தந்தார். தளவிளைவைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டும் என்று அந்தக் கட்டுரைக்கு வந்த கருத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார்; வேண்டவே வேண்டாம். கால்குலேட்டர் திரையிலிருந்து வருவது ஒரே தளத்தில் அதிரும் ஒளி; அதனால், ஒரு தளத்து அதிர்வை மட்டும் விடும் என் போலராய்டு குளிர்கண்ணாடியை மகளின் கால்குலேட்டர் முன் பிடித்து மெல்லச் சுழற்றினேன். ஒரு கோணத்தில் திரை முழுவதும் கறுத்துப்போனது. இன்னும் கால் வட்டம் திருப்பியதும் எண்கள் பளிச்சென்று திரும்பி வந்தன.