லா துர்பியில் தோற்றவர்களின் பெயர்கள்

பிரான்சின் தென்கிழக்குக் கோடியில், மொனாக்கோவுக்கு நேர் மேலே உள்ள மலைக்கிராமம் லா துர்பி. கடல்மட்டத்திலிருந்து சுமார் 480 மீட்டர் உயரம். வருகிறவர்களில் பலர் கீழே தெரியும் கடலையும் கட்டடங்களையும் படமெடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். பின்னால் நிற்கும் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் வெற்றிச் சின்னத்தை இவ்வளவு அவசரமாகக் கடப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆல்ப்ஸ் மலைக்குடிகளை அடக்கியதைக் கொண்டாட கி.மு. 7-6இல் ரோம் இதை எழுப்பியது. அன்று கிட்டத்தட்ட 50 மீட்டர் உயரம், இன்று 35. மேற்கு முகத்தில் பெரிய கல்வெட்டு ஒன்று. அதில் தோற்ற 45 குடிகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. பக்கத்திலேயே, சங்கிலியில் கட்டுண்ட கைதிகளின் சிற்பங்கள்.

வெட்டியவர்களுக்கு அது வெற்றிப் பட்டியல். எனக்கோ இந்தச் சின்னத்திலேயே மதிப்புள்ள பகுதி அந்தப் பெயர்கள்தான். முதலில் வரும் திரும்பிலினி மக்களின் பெயர் இத்தாலியின் வால் திரோம்பியாவில் இன்றும் இருக்கிறது. அடுத்தவர்கள் கமுன்னி. வால்கமோனிக்கா பள்ளத்தாக்கின் பாறைகளில் மான்களையும் வீரர்களையும் வீடுகளையும் செதுக்கியவர்கள் அவர்களும் அவர்களுக்கு முன் அங்கே வாழ்ந்தவர்களும்தான். ஆனால் பட்டியலில் உள்ள சில குடிகளைப் பற்றி இந்த ஒரு வரியைத் தாண்டி நமக்கு அனேகமாக எதுவும் கிடைக்கவில்லை. அவர்களைத் தோற்கடித்தவன் வெட்டி வைத்ததுதான் மிச்சம்.

அதுவும் தப்பிப் பிழைத்த கதை பெரியது. இடைக்காலத்தில் இதைக் கோட்டையாக்கினார்கள். 1705இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் ஆணைப்படி வெடிவைத்துத் தகர்த்தார்கள். சிதறிய கற்களை எடுத்து ஊரார் வீடு கட்டினார்கள், தேவாலயமும் கட்டினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வாசலில் கல் கிடக்கும்போது மலையைப் போய் யார் உடைப்பார்கள்? கல்வெட்டும் துண்டு துண்டானது. நல்லவேளையாக, முதலாம் நூற்றாண்டிலேயே ரோம எழுத்தாளர் பிளினி அதன் வாசகத்தைத் தன் நூலில் எழுதி வைத்திருந்தார். அதைத் துணையாகக் கொண்டு கிடைத்த துண்டுகளை அதனதன் இடத்தில் பொருத்த முடிந்தது. 1929க்குப் பிறகு எட்வர்ட் டக் என்ற அமெரிக்கச் செல்வந்தரின் பணத்தில் கட்டடக்கலைஞர் ஜூல் ஃபார்மிஷே சின்னத்தை ஓரளவு தூக்கி நிறுத்தினார். முழுதாகப் புதுசாக்காமல் உடைந்த பாகத்தை உடைந்தபடியே விட்டது மிகச் சரியான முடிவு என்பேன். 1705இல் என்ன நடந்தது என்பதும் அந்தக் கட்டடத்தின் வரலாறுதானே.

போகிறவர்கள் பிற்பகலில் போங்கள். அப்போதுதான் மேற்கு முகத்தில் வெயில் விழும், எழுத்துகள் நன்றாகத் தெரியும். லத்தீன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. திரும்பிலினியில் தொடங்கி ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படியுங்கள்.