காட்டுல என்னத்தய்யா சாப்பிட்டாக?

2019 அக்டோபரில் ‘அசுரன்’ பார்த்துவிட்டு வெளியே வரும்போது அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ஏய்யா, அப்பனும் மகனும் அத்தனை நாள் காட்டுக்குள்ள கெடந்தாகளே, என்னத்தய்யா சாப்பிட்டாக?”

சிரித்துவிட்டேன். இடைவேளைச் சண்டைக்கு விசிலடித்துத் தொண்டை கட்டியிருந்த நேரம் அது. அம்மாவுக்குப் பிறந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். தனுஷ் ஓடி ஒளிகிற முள்காடு அவருக்குச் சின்ன வயதில் விறகு பொறுக்கிய இடம்.

அந்தப் படத்துக்கு மூலக்கதை பூமணியின் ‘வெக்கை’ நாவல். கல்லூரி நாளில் அவசரமாகப் படித்து வைத்த அதை அப்புறம்தான் மறுபடி எடுத்தேன். அம்மா கேட்டதைத்தான் அந்த மனுசன் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்.

நாவல் வந்தது 1982. (தனுஷ் பிறந்ததே அதற்கு மறுவருசம்!) பதினைந்து வயது சிதம்பரம் வடக்கூரானின் கையைத்தான் வெட்ட நினைக்கிறான். ஆள் செத்துப்போகிறான். இது தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அண்ணனைக் கொன்றதற்குப் பழி தீர்ந்தாயிற்று. அதன் பிறகு எட்டு நாள் அய்யாவும் மகனும் தலைமறைவாகத் திரிவதுதான் கதை. அடுத்த வேளைக்கு என்ன வழி, எந்தக் கிணற்றில் தண்ணீர் கிடக்கும், ராத்திரி எங்கே தலை சாய்க்கலாம், வீட்டுப் பொம்பளைகள் எங்கே எப்படி இருக்கிறார்களோ. பெரும்பாலும் பேச்சு, கரிசல் பேச்சு. பெரிய துப்பறியும் திருப்பம் எதுவும் கிடையாது. ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை.

என்னை அசைத்தது அந்த அய்யாதான். கொலை செய்துவிட்டு வந்த பையனை “ஏன்டா இப்படிப் பண்ணினே” என்று போட்டு உலுக்குவதில்லை. தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையிடம் பேசுவதுபோல் பேசுகிறார். அவர் ஏன் இவ்வளவு பதமாக இருக்கிறார் என்று நாவல் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. பெற்ற தகப்பன், அவ்வளவுதான்.

படத்தை இயக்கிய வெற்றிமாறனுக்கு அது போதவில்லை. போதாது என்பது எனக்கும் புரிகிறது, கதாநாயகன் தனுஷ் ஆயிற்றே. படத்துச் சிவசாமி முதலில் கோழை மாதிரி இருக்க வேண்டும், பிள்ளை அவரை மட்டமாக நினைக்க வேண்டும், இடைவேளையில் வேல்கம்பைத் தூக்க வேண்டும், அப்புறம் அந்தச் சாதுவான முகத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்று ஒரு பழங்கதை வர வேண்டும். சிதம்பரத்தின் கதை இப்படித்தான் சிவசாமியின் கதையாகிப்போனது. தலைப்பையே பாருங்கள். வெக்கை என்பது அந்த மண்ணில் எல்லாரும் மூச்சுவிடுகிற காற்று. அசுரன் ஒரு ஆள்.

அதற்காக, படம் நாவலைக் கெடுத்துவிட்டது என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. பூமணி சாதிப் பெயரைச் சொல்லாமலே எழுதியவர். படம் பஞ்சமி நிலம் என்று, வெள்ளைக்காரன் காலத்தில் தலித் மக்களுக்கென்று ஒதுக்கிய நிலத்தை, வாய்விட்டுச் சொன்னது. சிவசாமியின் பழங்கதையில் வரும் மாரியம்மாளை, செருப்புப் போட்டு நடந்ததற்காக அடித்து, அதே செருப்பைத் தலையில் சுமக்கவிடும் காட்சியில் தியேட்டரில் ஒரு சத்தமில்லை. மூத்த மகனை மீட்க சிவசாமி வீடு வீடாக ஊர்க்காலில் விழுவாரே, சண்டைக் காட்சி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு அந்த ஒன்றை வைத்துக்கொள்வேன். தனுஷுக்குத் தேசிய விருது கொடுத்தது அதற்காகத்தான் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

படத்தில் குடிசை எரியும் இடத்தில்தான் எனக்கு இடறல். பார்க்கிற எவருக்கும் கீழவெண்மணி ஞாபகம் வரும். 1968 டிசம்பர் 25, ஒரே குடிசைக்குள் 44 பேரை எரித்துக் கொன்றார்கள். அது தஞ்சை நெல்வயல், கூலிக்கான போராட்டம். அந்தத் தீயைத் தூக்கிக்கொண்டுவந்து தெற்கே ஒரு தனிமனிதனின் பழிவாங்கலுக்குக் காரணமாக வைக்கும்போது, அடுத்து வெட்டு விழுவதற்குக் கைதட்டிவிட்டு நாம் ஆறிப்போகிறோம். நிஜத்தில் அந்த வழக்கு அப்படி முடியவில்லை. மேல்முறையீட்டில் நிலக்கிழார்கள் விடுதலையாகிப் போனார்கள்.

கடைசியில் படிப்பைப் பற்றிச் சிவசாமி பேசும்போது நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நாவலில் அப்படி ஒரு உரையைத் தேடாதீர்கள். கோர்ட்டில் சரணடையப் போகிறார்கள், முடிந்தது. படத்தில் அப்பா பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வதால் பிள்ளை தப்பிக்கிறான்.

போன மாசம் புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்தேன். மத்தியானம் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சமாக, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். நடுவில் ஒருநாள், “இந்த அய்யா நல்ல மனுசன்டா” என்றார். முடித்த அன்று புத்தகத்தை டிவி மேல் வைத்துவிட்டு, அரிசி களைந்துகொண்டே கேட்டார்.

“ஏய்யா, அந்தப் பயலுக்கு எத்தன வருசம் போட்டிருப்பாக?”