அந்தப் பேனரைக் கழற்றுங்கள்

தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் மாட்டிய அந்தப் பேனரின் படத்தை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். போதும். நானும் பார்த்தேன். மஞ்சள் ஃபிளெக்ஸ், சிவப்பு எழுத்து, ஓரத்தில் கும்பிடும் இரண்டு கைகள் (பத்து விரலும் பத்திரமாக). 'கவனம் சிதறினால் கை சிதறும்.' அங்கே வேலை செய்த பையனுக்குப் பவர் பிரஸ்ஸில் மூன்று விரல்கள் போன நான்காம் நாள் மாட்டியிருக்கிறார்கள். அவன் இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறான், பேனர் அச்சாகி வந்துவிட்டது. விரலை வாங்கிய அந்த பவர் பிரஸ்ஸுக்குக் கார்டு, அதாவது கையைக் காக்கும் தடுப்பு, மாட்டினார்களா என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா?

'அருமையான வாசகம்', 'மோனை பிரமாதம்' என்று எழுதியவர்கள் என் நட்பு வட்டத்திலேயே ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். மோனை நன்றாகத்தான் இருக்கிறது. விரல்தான் இல்லை.

பவர் பிரஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தகட்டை டை என்ற அச்சின் மேல் வைக்க வேண்டும், மிதியையோ பொத்தானையோ அழுத்த வேண்டும், மேலிருந்து ராம் என்ற இரும்புத் தலை பல டன் அழுத்தத்தோடு இறங்கும், பீஸை எடுத்துப் போட வேண்டும். ஆறு நொடிக்கு ஒரு பீஸ் என்று வைத்துக்கொண்டாலும் எட்டு மணி நேரத்தில் 4,800 முறை. அத்தனை முறையும் ஒரு மனிதனின் கவனம் இம்மி பிசகாமல் இருக்க வேண்டுமாம். சாப்பிடும்போது நாக்கைக் கடித்துக்கொள்ளாத ஆள் உங்களில் யார்? பல்லும் நாக்கும் சொந்த வாயில்தான் இருக்கின்றன. அவசரப்படுத்த மேஸ்திரியும் இல்லை.

மனிதன் கவனம் தவறுவான். அது தெரிந்துதான் சட்டமே எழுதினார்கள். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். இயந்திரத்தின் ஆபத்தான பாகத்துக்கு உறுதியான தடுப்பு இருக்க வேண்டும், இயந்திரம் ஓடும்போது அந்தத் தடுப்பு அதன் இடத்தில் இருக்க வேண்டும். தொழிலாளி கவனமானவனாக இருந்தால் தடுப்பு தேவையில்லை என்று அதில் ஒரு வரியும் இல்லை. போபாலுக்குப் பிறகு, 1987இல், 7ஏ பிரிவைச் சேர்த்தார்கள். பழுதில்லாத இயந்திரம், பயிற்சி, மேற்பார்வை எல்லாம் ஆலையை நடத்துபவரின் கடமை. 'நியாயமாக இயன்ற வரையில்' என்று ஒரு சந்தும் விட்டிருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கம்பிவலைத் தடுப்பு எந்த நியாயத்தில் இயலாது?

'அதெல்லாம் பழைய சட்டம், புதியது வந்துவிட்டது' என்று ஒருவர் வருவார். தெரியும். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. பணியிடத்தை ஆபத்தில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று அவற்றிலும்தான் இருக்கிறது. கூடவே, மின்சாரத்தில் ஓடும் இடத்தைத் தொழிற்சாலை என்று அழைக்க 10 பேர் போதும் என்றிருந்ததை 20 ஆக்கிவிட்டார்கள். பதினான்கு பேர் வேலை செய்யும் பிரஸ் ஷாப்பை இனி எப்படி அழைப்பது? கொட்டகை என்றா?

நான் ஏன் இப்படிக் கொதிக்கிறேன் என்று பழைய நண்பர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

1993. நான் ஐந்தாம் வகுப்பு. அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய பிரஸ் ஷாப்பில் வேலை. மிதி வைத்த பழைய பிரஸ். ஒரு முறை மிதித்தால் ராம் ஒரு முறைதான் இறங்க வேண்டும். ராமை இணைத்து விடுவிக்கும் கிளட்ச் கீ தேய்ந்துபோனால் மிதிக்காமலேயே இரண்டாம் முறையும் இறங்கும், பாதியில் நிறுத்தவும் முடியாது. 'டபுள் அடிக்கிறது' என்பார்கள். அப்பாவின் பிரஸ் இரண்டு நாளாக டபுள் அடித்தது. ஃபோர்மேனிடம் சொல்லியிருக்கிறார். 'இந்த லோடு போகட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று பதில். லோடு போயிற்று. அப்பாவின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

முதலாளி சாத்துக்குடியோடு வந்து பார்த்தார். நல்ல மனிதர் என்றே அம்மா இன்றும் சொல்வார். அதற்குப் பிறகுதான் அப்பாவுக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை வந்தது. அதில் வேலைக்குச் சேர்ந்த தேதி, விபத்துக்கு முந்தைய நாள். ஆறு வருடம் உழைத்த மனிதர், காகிதத்தில் மறுநாளே விரலைக் கொடுத்தவர். விபத்து அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதியிருந்தது. அப்பா இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் விரலுக்குக் கணக்கு உண்டு, தெரியுமா? ஒரு கையில் இரண்டு விரல்கள் போனால் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் இழப்பு. மூன்று போனால் 30. நான்கு போனால் 50. அப்பா 20. இந்தப் பையன் 30. பழைய சட்டப்படி, தடுப்பு இல்லாததால் ஒருவருக்குப் படுகாயம் என்று நீதிமன்றத்தில் நிரூபணமானால், அபராதம் விதிக்கும்போது 5,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். என்ன கண்டிப்பு!

அக்கா கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அப்பாவின் வலது கை துண்டுக்கு அடியில் இருக்கும். தாரை வார்க்கும்போது மட்டும் மறைக்க முடியவில்லை. அந்தப் படத்தை அவரே ஆல்பத்திலிருந்து உருவிவிட்டார். யார் கேட்டாலும் 'என் கவனக்குறைவுதான்' என்பார். முப்பது வருடங்களுக்கு மேலாக அதையே சொல்கிறார். ஒரு பிரஸ் ஷாப்பில் அவருக்குக் கிடைத்த ஒரே பயிற்சி அதுதான்.

சரி, வரப்போகும் கேள்விகளுக்கும் வருகிறேன்.

'தொழிலாளிகளே கார்டைக் கழற்றிவிடுகிறார்கள்.' ஆமாம், கழற்றுகிறார்கள். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் ராம் இறங்கும் என்று அமைத்திருப்பார்கள், ஒரு பொத்தானில் தீக்குச்சியைச் செருகிவிட்டு ஒரு கையால் ஓட்டுவார்கள். ஏன்? மணிக்கு இத்தனை பீஸ் என்று கரும்பலகையில் எழுதியது யார்? தீக்குச்சியைத் தினமும் கடந்து போகும் சூப்பர்வைசருக்குக் கண் தெரியாதா? உற்பத்தி குறைந்தால் பத்து நிமிடத்தில் வந்து நிற்பவர், கார்டு இல்லாததை மட்டும் பத்து மாதமாகப் பார்க்கவில்லை. இஎஸ்ஐ இல்லாதவர்களுக்காக இருந்த 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில்கூட, தொழிலாளி தடுப்பை 'வேண்டுமென்றே' கழற்றினால் முதலாளி தப்பிக்கலாம், ஆனால் மரணத்திலும் முழு நிரந்தர ஊனத்திலும் அந்தச் சாக்கு செல்லாது என்று இருந்தது. விரல் போனவனிடம் செல்லும். அதனால்தான் விரல் போனவனிடம் எல்லோரும் இவ்வளவு அக்கறையாகக் 'கவனம்' பற்றிப் பேசுகிறார்கள்.

'சிறுதொழில் நடத்துபவர்களின் கஷ்டம் உனக்குத் தெரியுமா?' தெரியும். பெரிய கம்பெனி பீஸுக்குப் பைசாக் கணக்கில் விலையை அடிக்கிறது, பணம் மூன்று மாதம் கழித்து வருகிறது. அந்தக் கோபத்தை அந்தப் பெரிய கம்பெனியிடம் காட்டுங்கள், நானும் கூட வருகிறேன். பையனின் விரலில் ஏன் கழிக்கிறீர்கள்?

'நீ தொழிற்சங்கக்காரன்.' இல்லை. இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

'கவனமாக இருக்கச் சொல்வது தவறா?' தவறில்லை. நானும் என் மகளிடம் தினமும் சொல்கிறேன். ஆனால் என் வீட்டு மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டிய பிறகு சொல்கிறேன். சுவரை இடித்துவிட்டு 'கவனம்' என்று பலகை வைப்பவனைத் தகப்பன் என்பீர்களா?

இதை நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. மன்னியுங்கள், அல்லது மன்னிக்க வேண்டாம்.

நேற்று இரவு அந்தப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, போனை இடது கையில் வாங்கி, வாய்விட்டுப் படித்தார். வழக்கம்போல 'சரியாகத்தான் போட்டிருக்கிறான்' என்பார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, 'மிதியா, பொத்தானா?' என்று கேட்டார். தெரியாது என்றேன். 'டபுள் அடித்ததா என்று யாராவது பார்த்தார்களா?' என்றார். அதுவும் தெரியாது என்றேன்.

காலையிலும் ஒரு முறை கேட்டுவிட்டார். அந்த ஷாப்பில் வேலை செய்யும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் உள்பெட்டிக்கு வந்து சொல்லுங்கள். பேனர் படத்தை மட்டும் இனி அனுப்பாதீர்கள்.