கட்டுவதும் உடைப்பதும் ஒரே பாதையில் அல்ல

செல்லில் பெரிய மூலக்கூறுகள் கட்டப்படுவதையும் உடைக்கப்படுவதையும் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். சிறிய மூலக்கூறுகள் இணையும்போது நீர் மூலக்கூறு வெளியேறினால் பெரிய மூலக்கூறு உருவாகிறது, நீர் சேர்ந்தால் அது உடைகிறது என்று அதில் சொல்வது அடிப்படையில் சரி. ஆனால் செல் ஒரே வினையை முன்னும் பின்னுமாக நடத்துகிறது என்ற எண்ணம் மாணவர்களுக்கு வந்துவிடக் கூடாது.

குளுக்கோஸ்கள் கோத்து உடல் சேமித்து வைக்கும் கிளைகோஜனையே பாருங்கள். கட்டும்போது குளுக்கோஸ் அப்படியே போய் ஒட்டுவதில்லை. முதலில் யுடிபி (UTP) என்ற ஆற்றல் மிக்க நியூக்ளியோடைடோடு வினைபுரிந்து ஆற்றல் ஏறிய நிலைக்கு வர வேண்டும். இப்படிப்பட்ட சர்க்கரை நியூக்ளியோடைடுகளைக் கண்டறிந்ததற்குத்தான் உயிர்வேதியியலாளர் லூயிஸ் லெலுவாருக்கு 1970-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. உடைக்கும்போது வேலை செய்வது வேறொரு நொதி. அது பெரும்பாலும் நீரால் வெட்டுவதில்லை, பாஸ்பேட்டால் வெட்டுகிறது. குளுக்கோஸைப் பயன்படுத்த அதில் பாஸ்பேட்டை ஒட்ட வேண்டும், அதற்குச் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி (ATP) ஒன்று செலவாகும். இங்கே கிடைக்கும் குளுக்கோஸில் பாஸ்பேட் ஏற்கெனவே இருப்பதால் தசைச் செல்லுக்கு அந்த ஒரு ஏடிபி மிச்சம்! பாதைகள் தனித்தனியாக இருப்பதால்தான் இன்சுலினால் கட்டுவதை முடுக்கி உடைப்பதை அடக்க முடிகிறது.

அப்புறம் புரதம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. புரதத்தில் அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பு நீரால் உடையும்போது ஆற்றல் வெளிவரும். ஆனாலும் செல் தன் புரதங்களை உடைக்க ஏடிபியைச் செலவழிக்கிறது. உடைக்க வேண்டிய புரதத்தில் யுபிகுவிட்டின் என்ற சிறு புரதத்தை அடையாளமாக ஒட்டவும், அதன் மடிப்பை அவிழ்த்து, புரதங்களை வெட்டும் புரோட்டியசோம் என்ற செல் இயந்திரத்துக்குள் நுழைக்கவும் அந்தச் செலவு. யுபிகுவிட்டின் வழியைக் கண்டறிந்தவர்களுக்கு 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. கட்டுரையின் அடுத்த பகுதியில் இதைக் கட்டாயம் விரிவாக எழுதுங்கள்.